செய்முறைத் தாள் இல்லாத ராக்கெட் பெட்டி

தொடக்கநிலை மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் பெட்டி என்பது ஒரு காகித உடற்குழாய், மூக்குக்கூம்பு, மூன்று அல்லது நான்கு வால் சிறகுகள், மோட்டாரைத் தாங்கும் உள்குழாய், பாராசூட், அதை உடலோடு பிணைக்கும் ரப்பர் நாடா ஆகியவை அடங்கிய சிறு தொகுப்பாகும். இவற்றை எந்த வரிசையில், எந்த அளவில் இணைப்பது என்று சொல்லும் செய்முறைத் தாள் ஒன்றும் அதனுடன் வரும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் இத்தகைய பெட்டி கடையில் எளிதாகக் கிடைக்கும் பொருளன்று. பிரான்சில் வாழும் உறவினர் வழியாகவோ நன்கொடையாகவோ வந்தால்தான் உண்டு. அப்படி வருவது பல கைகள் மாறி, முன்பே யாரோ பிரித்துப் பார்த்து, தாள் தொலைந்த நிலையில் பள்ளியை அடைவதற்கு வாய்ப்பு மிகுதி. அந்தத் தாள் இல்லாமல் ராக்கெட்டைக் கட்ட முனைவது நல்ல கல்விப் பயிற்சியா, வீண் துணிச்சலா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் தொலைந்த தாளில் இருந்த அறிவு ஒரே வகையானதன்று. உறுப்புகளைப் பார்த்தே மீட்டெடுக்கக்கூடிய அறிவு அதில் ஒரு பாதி. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உறுப்புகள் சொல்லாத அறிவு மறுபாதி.

முதற்பாதியின் வளத்தை உள்குழாய் ஒன்றைக் கொண்டே காட்டலாம். அதன் சுவரில் சிறு வெட்டு ஒன்று இருக்கும். அந்த வெட்டில் நுழையும் வகையில் முனை மடிந்த மெல்லிய உலோகக் கொக்கி ஒன்றும், குழாயின் உள்ளே ஒட்டவேண்டிய தடித்த வளையம் ஒன்றும், வெளியே ஒட்டவேண்டிய இரண்டு அட்டை வளையங்களும் பெட்டியில் கிடக்கும். மோட்டார் எரியும்போது மேல்நோக்கித் தள்ளுவதால், அது உடற்குழாய்க்குள் ஏறிவிடாமல் தடுக்க மேலே ஒரு தடை வேண்டும்; அதுவே தடித்த வளையம். எரிந்து முடிந்தபின் மோட்டாரின் மேல்முனையில் உள்ள சிறு வெடிமருந்து பாராசூட்டை முன்னோக்கித் தள்ளும்போது, மோட்டார் பின்னோக்கிக் கழன்று விழ முயலும். அதைப் பிடித்து நிறுத்துவது கொக்கி. வெளி வளையங்கள் உள்குழாயை உடற்குழாயின் நடுவில் நிறுத்துகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடநூலில் மனனம் செய்த மாணவர், இந்த நான்கு உறுப்புகளின் இடத்தைத் தாமே கண்டுபிடிக்கும்போது, அந்த விதி ஒரே ராக்கெட்டில் இரண்டு எதிர்த்திசைகளில் வேலை செய்வதைக் கையால் உணர்கிறார். செய்முறைத் தாளோ "இந்த வளையத்தை இங்கே ஒட்டுக" என்று மட்டும் கூறி, காரணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இந்த அளவில், தாள் இல்லாதது இழப்பே இல்லை என்று துணிந்து கூறலாம்.

மொழி சார்ந்த ஆதாயமும் இதில் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டு முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, வகுப்பில் ஆங்கிலமும் வீட்டிலும் விளையாட்டிலும் தமிழுமாக வாழும் மாணவருக்கு, ஆங்கிலச் செய்முறைத் தாள் படித்துக் கடக்கும் தாளாகவே அமைந்துவிடுகிறது. தாள் இல்லாதபோது, கட்டும் குழு ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் ஒரு பெயரிட்டு, அதன் வேலையை வாக்கியமாக எழுதி, தானே ஒரு தாளை உருவாக்க வேண்டியதாகிறது. அந்த எழுத்துப் பயிற்சி ராக்கெட்டைவிடவும் நெடுநாள் பயன் தரும்.

ஆனால் உறுப்புகள் பேசுவதாகத் தோன்றி ஏமாற்றும் இடங்களும் உள்ளன. வால் சிறகின் எந்த விளிம்பு உடலோடு ஒட்டும் விளிம்பு என்பது பல வடிவங்களில் ஐயத்துக்கு இடமானது. உடைந்த சிறகுக்குப் பதிலாகப் பால்சா என்னும் மிக இலேசான மரத்தகட்டிலிருந்து புதிய சிறகு வெட்டுவோர், மரத்தின் இழை சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓடவேண்டும் என்பதை அறியாவிட்டால், அந்தச் சிறகு தரையிறங்கும் அதிர்ச்சியிலேயே, சில வேளை பறக்கும்போதே, இழையோடு முறிந்துவிடும். சிறகுகளைச் சம இடைவெளியில் வைப்பது இதற்கு நேர்மாறாக எளிது: காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி அளந்து மூன்றாக மடித்தால் இடங்கள் கிடைக்கும்; குழாயைக் கதவு நிலையின் உள்மூலையில் பொருத்திப் பென்சிலை ஓட்டினால் நேர்கோடு கிடைக்கும்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் நிலைப்புத்தன்மை, அதாவது பறக்கும் ராக்கெட் சற்றே சாய்ந்தாலும் மீண்டும் நேராகும் இயல்பு. ராக்கெட்டின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி ஈர்ப்பு மையம்; காற்றின் பக்கவாட்டு விசை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்டம் அளவு தள்ளி இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி. சுமார் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ராக்கெட்டில் அந்தத் தொலைவு இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவே. அழுத்த மையத்தைக் கணக்கிடும் எளிய முறையை நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்கு வகுத்தளித்தார். அந்தக் கணக்கு கைவராதவர்கள் ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலுருவை அட்டையில் வெட்டி, அது சமநிலையில் நிற்கும் புள்ளியைக் கண்டறியலாம். அந்தப் புள்ளி உண்மையான அழுத்த மையத்துக்குச் சற்று முன்னால் விழுவதால், பிழை பாதுகாப்பான பக்கமே சாய்கிறது. பிறகு மோட்டாரின் எடைக்கு ஈடான பொருளைப் பின்முனையில் வைத்து, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், மூக்கு முன்னோக்கி நிற்கும் ராக்கெட் நிலையானது என்று கொள்ளலாம். தாள் சொல்லாமல் விட்ட ஒன்றை அளவையால் மீட்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மோட்டாரை அடைந்ததும் இந்த வழி முற்றிலும் அடைபடுகிறது. தொடக்கநிலைப் பெட்டிகளுக்குரிய மோட்டார்கள் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை; ஏ8-3, பி6-4, சி6-5 ஆகிய மூன்றும் புற அளவில் ஒன்றே. குறியீட்டின் எழுத்து மொத்தக் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவின், வகுப்பைக் குறிக்கிறது; ஒவ்வோர் எழுத்தும் முந்தையதன் உச்சவரம்பை இரட்டிப்பதால், சி வகுப்பின் உச்சம் 10 நியூட்டன்-விநாடி. அடுத்த எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் கூறுகிறது. கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளித்தள்ளப்படும் வரையுள்ள தாமதத்தை விநாடியில் கூறுகிறது. எடை மிகுந்த ராக்கெட்டில் தாமதம் நீண்ட மோட்டாரைப் பொருத்தினால், பாராசூட் விரியுமுன்பே அது மூக்கு கீழாகத் தரையில் பாயும். எந்த மோட்டார் எந்த ராக்கெட்டுக்கு ஏற்றது என்பதைக் கொக்கியோ வளையமோ சொல்வதில்லை. பொருந்துகிறது என்பதே இங்கு ஆபத்தான சான்றாகிவிடுகிறது.

மாதிரி ராக்கெட் கலையின் வரலாறே இந்த எல்லையை உணர்ந்து பிறந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954-இல் உருவாக்கிய மாதிரியையும் மோட்டாரையும், வீட்டில் வெடிமருந்து கலந்து காயமுற்ற இளைஞர்களைப் பற்றிக் கவலையோடு எழுதிய ஹாரி ஸ்டைன் 1957-இல் ஏற்றுப் பரப்பினார். கட்டுபவர் வேறு, மோட்டார் செய்பவர் வேறு என்ற பிரிவினையே அவர்கள் வகுத்த பாதுகாப்பின் அடித்தளம். இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும் உரிமமின்றி வெடிபொருள் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கின்றன. விமானப் பயணப் பெட்டியிலும் மோட்டாருக்கு இடமில்லை. ஆகவே உறவினர் கொண்டுவரும் பெட்டி மோட்டார் இல்லாத வெற்றுடலாகவே வரும். அந்த இடத்தைத் தீபாவளி ராக்கெட்டின் மருந்தால் நிரப்பும் எண்ணம் மாணவர் மனத்தில் எழுவது இயல்பு; அதை முளையிலேயே கிள்ளுவது ஆசிரியரின் கடமை. வாணவெடி ராக்கெட் நீண்ட குச்சியால் நிலைபெறுவது, முடிவில் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைக் காகிதக் குழாய்க்குள் அடைப்பது குண்டு செய்வதற்கு ஒப்பாகும்.

உரிமம் பெற்ற மோட்டார் கிடைத்தாலும், பாகூர் வயல்வெளி தனக்கே உரிய கேள்விகளை எழுப்புகிறது. பாராசூட் கருகாமல் காக்க அதற்குக் கீழே தீப்பற்றாத தாள் உருண்டைகளைத் திணிப்பது வழக்கம். செய்முறைத் தாள் இல்லாதவர் அந்த உருண்டைகளுக்குப் பதிலாகப் பஞ்சை வைத்தால், அது கனன்றபடி அறுவடை முடிந்த வயலின் காய்ந்த தாளடியிலும் வைக்கோல் போரிலும் விழும். பாராசூட்டில் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் இறங்கும் ராக்கெட், 150 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 33 விநாடி ஆகும். காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் அது 165 மீட்டர் தள்ளிப் போய் விழும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும் இந்தப் பகுதியில், புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் ஊருக்கு ஊர் பின்னிக் கிடப்பதால், ஏவும் இடம் ஓர் ஆட்சிப் பகுதியிலும் விழும் இடம் மற்றோர் ஆட்சிப் பகுதியிலும் அமையலாம். வில்லியனூரில் ஏவினால் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் அருகாமையையும் கருத வேண்டும்.

மூலத் தாளைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். பாதுகாப்பு, மோட்டார், ஏவுதல் ஆகிய பகுதிகளைப் பொறுத்தவரை அப்படிக் கொடுப்பதே கட்டாயம். இணைக்கும் பகுதியை மட்டும், பசை தடவும் நாள்வரை ஆசிரியர் தம்மிடம் வைத்திருப்பது நல்லது. அதற்குமுன் பசையின்றி முழுவதையும் பொருத்திப் பார்க்கச் செய்து, மாணவர் எழுதிய தாளையும் மூலத் தாளையும் அருகருகே வைத்து வேறுபாடுகளை விவாதிக்கச் செய்யவேண்டும். முழுத் தாளையும் மறைத்துவிட்டு அதைத் தற்சார்பு என்று போற்றும் ஆசிரியர்மீது இரக்கம் காட்ட இடமில்லை. பிழையின் விலையைக் கொடுப்பவர் மாணவர்.

பறப்பதற்கு இன்றே உகந்தது நீர் ராக்கெட். இரண்டு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றழுத்தம் ஏற்றி விடுவித்தால், சிறகு, ஈர்ப்பு மையம், அழுத்த மையம் பற்றிக் கற்றவை யாவும் அதில் சோதனைக்கு வரும். மூக்கில் களிமண் சேர்த்தும் குறைத்தும் நிலைப்புத்தன்மையை மாற்றிப் பார்க்கலாம். ஏவுதளத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி உச்சக் கோணத்தை அளந்தால், பத்தாம் வகுப்புத் திரிகோணமிதியே உயரத்தைச் சொல்லிவிடும்; கோணம் 45 பாகை எனில், கண்மட்டத்துக்கு மேல் உயரம் 50 மீட்டர். ஆனால் இங்கும் பொருள் சொல்லாத ஒன்று உண்டு. கீறலோ மடிப்போ விழுந்த பாட்டில், புதிய பாட்டில் தாங்கும் அழுத்தத்தைத் தாங்காமல் கையருகிலேயே வெடிக்கக்கூடும் என்பதை முதல் பம்ப் அடிக்குமுன்பே ஆசிரியர் சொல்லியாக வேண்டும். விடுவிக்கும் கயிறும் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.