சண்டை விளையாட்டும் லயத்து முற்றமும்

கணினி விளையாட்டுக்கள் குறித்து நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் நீதியுரைகளாகவே அமைகின்றன. மாணவர் கெடுகின்றனர், வன்முறை வளர்கின்றது என்ற இரு வாக்கியங்களோடு விடயம் முடிந்துவிடுகின்றது. கூத்தைப் பாராமலே கூத்தைப் பழித்தவர்களையும் நாம் அறிவோம்.

இருவர் எதிரெதிர் நின்று பொருதும் சண்டை விளையாட்டையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 1991இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இவ்வடிவத்தை நிலைநிறுத்திற்று. இதில் ஒரு விநாடி 60 சட்டகங்களாகப் பகுபடுகின்றது. ஓர் அடி எழுவதற்கும் மீள்வதற்கும் எத்தனை சட்டகங்கள் செல்லுமென்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் மனனஞ் செய்துள்ளனர். ஆயின் கணக்கறிந்த இருவருள், மற்றவன் மனத்தை வாசிப்பவனே வெல்கிறான். அமெரிக்காவில் 2004இல் நடந்த ‘ஈவோ’ போட்டியில் யப்பானியரான உமெஹாரா டைகோ இதனை நிறுவினார். அவரது பாத்திரத்தின் உயிர் அற்றுப்போகும் தறுவாயில் எதிராளி தொடர் உதைகளை ஏவினார். சாதாரணமாகத் தடுத்தாலும் தோல்வியே. ஒவ்வோர் உதைக்கும், அது வந்து சேரும் கணத்தில், எதிரியை நோக்கி முன்னே தட்டியாக வேண்டும். பதினைந்து உதைகளையும் அவ்வாறே எதிர்கொண்டு அச்சுற்றை அவர் வென்றார். பின்வாங்காது முன்சென்று காத்துக்கொள்ளும் இந்நுட்பத்தை, தோட்டங்களிற் சிலம்பம் பழகியோர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

எனினும் இவ்விளையாட்டு நம்மை எவ்வாறு சித்திரிக்கின்றது என்பதும் நோக்கற்பாலது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் தென்னாசியர்க்குக் கிடைத்த ஒரே உருவம் தால்சிம். எலும்புந் தோலுமான உடல், கழுத்தில் மண்டையோடுகள், வாயில் தீ, பின்புறத்தே யானைகள். யோகம் மந்திரவித்தையாகவும் வறுமை வேடிக்கையாகவும் ஆக்கப்பட்டுள்ளன. இதனைக் கண்டியாது விடுவதற்கில்லை. ஆனால் ஆட்டத்தில் இறங்கியதும் தால்சிம் வேறொருவனாகிவிடுகிறான். நீளுங் கைகளால் எதிரியைத் தொலைவிலேயே நிறுத்தி, இடைவெளியை ஆள்பவன் அவன். அவசரக்காரர் கையில் அவன் பயன்படான். படத்திலுள்ள இழிவையும் ஆட்டத்திலுள்ள நுண்மையையும் பிரித்தறியாத விமர்சனம் அரைகுறை விமர்சனமேயாகும்.

இனி, இதனை ஆடுபவர் யார்? லாகூரின் காசுப்பொறிக் கடைகளில் வளர்ந்த அர்சலான் ஆஷ், விசாத் தொல்லைகளைக் கடந்து, 2019இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு ‘ஈவோ’ போட்டிகளிலும் ‘டெக்கன் 7’ பட்டத்தை வென்றார். அதுவரை அந்நகர ஆட்டக்காரரை உலகம் அறிந்திருக்கவில்லை. அவர்களை உருவாக்கியது வீட்டுச் செல்வமன்று. பலர் கூடிய பொது இடமே.

ஊவாத் தோட்டங்களின் நிலை வேறு. பசறையிலும் லுணுகலையிலும் இளைஞர் கையிற் கைத்தொலைபேசி உண்டு. அதிலே துப்பாக்கி விளையாட்டு உண்டு. ஆயின் சண்டை விளையாட்டுக்குச் சிறுதிரை போதாது. மலைமடிப்பில் அலைக்கற்றை தடுமாறும்போது சட்டகக் கணக்கே பொய்த்துவிடும். இருவரும் ஒரே அறையில் அமர்தலே இதற்குச் சிறந்தது. அதற்குரிய கருவியோ, நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்குவதற்கே 2021 வரை ஆண்டுக்கணக்கிற் போராடிய குடும்பங்களுக்கு எட்டாதது. போட்டிகளின் மையம் கொழும்பு. இருப்புப்பாதை பதுளையை எட்டியது 1924இல். அப்பாதையில் கொழும்பு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவு. திறமையில்லையென்று நம் இளைஞரைக் கூறுவோர் இத்தொலைவையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். ஆட்டக்காரன் தனியே தோன்றுவதில்லை. தோற்கடிப்பதற்கு அருகிற் பத்துப்பேர் வேண்டும்.

தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கரம் பலகை கிடந்தால் மாலையில் அதனைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். தோற்றவன் எழுவான், காத்திருந்தவன் அமர்வான், பார்த்து நிற்போர் ஒவ்வோர் அடியையும் விமர்சிப்பர். லாகூர்க் கடைகளில் நடந்ததும் இதுவேதான். அங்கே பலகையிருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை இருந்தது.