கூட்டமும் காப்பும்: எகிப்தின் அருங்காட்சியகங்கள் உணர்த்துவது

அருங்காட்சியகத்தைச் சந்தைப்படுத்துதல் என்னும் சொல்லாட்சி நம்மவர் பலருக்கு உவப்பானதன்று. முன்னோர் விட்டுச் சென்ற கலைச் செல்வத்தைக் கடைச்சரக்காக்கும் முயற்சியாகவே அது தோன்றுகிறது. ஆயினும், மரபைப் பேணப் பொருள் வேண்டும். பொருள் சேர மக்கள் வரவேண்டும். மக்கள் வர அழைப்பு வேண்டும். அழைப்பினால் சேர்ந்த பொருள் எங்கே செல்கிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. எகிப்தின் அனுபவம் இதற்கு நல்லதோர் உரைகல்லாகும்.

1972இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தூத்தன்காமனின் கல்லறைப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மன்னனின் பொன்முகமூடியை முன்னிறுத்திய அக்காட்சியைக் காண 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதில் கிடைத்த இலாபம் யுனெஸ்கோவின் வழியாக, அஸ்வானில் நைல் நீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஃபிலே கோயில்களின் மீட்புப் பணிக்கு வழங்கப்பட்டது. கோயில்கள் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, அண்மையிலிருந்த அகில்கியா தீவில் மீண்டும் எழுப்பப்பட்டன. புகழ் பெற்ற ஒரு பொருளின் ஈர்ப்பு, அழிவின் விளிம்பில் நின்ற மற்றொன்றுக்குக் கைகொடுத்தது. பணம் எதற்கென்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தமையே இதன் சிறப்பு.

அதே புகழின் மறுபக்கமும் கருதத்தக்கது. மன்னர்களின் பள்ளத்தாக்கிலுள்ள தூத்தன்காமன் கல்லறையில், பார்வையாளரின் மூச்சினால் ஈரப்பதமும் கரியமில வாயுவும் பெருகின. அவர்களுடன் வந்த தூசு சுவரோவியங்களில் படிந்தது. கெட்டி காப்பு நிறுவனம் எகிப்திய அரசுடன் இணைந்து 2009 முதல் 2019 வரை அதனைச் சீர்செய்ய நேர்ந்தது. 2014இல் அதே வட்டாரத்தில் கல்லறையின் துல்லியமான மாதிரி ஒன்றும் திறக்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டுமே வெற்றியாகக் கொள்ளும் விளம்பரம், தான் விற்கும் பொருளையே தேய்த்துவிடும்.

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு வருவோம். சிதைந்த பள்ளிவாசல்களிலிருந்து திரட்டிய பொருள்களை முதலில் அல்ஹாகிம் பள்ளிவாசலில் வைத்துக் காத்தனர். 1903இல் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது. ஒளி வசனம் பொறித்த மம்லூக் காலக் கண்ணாடி விளக்குகள் அதன் பெருமைகளுள் தலையாயவை. 2014 ஜனவரி 24 அன்று எதிரிலிருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார் குண்டு, அருங்காட்சியகத்தின் முகப்பையும் நூற்றுக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களையும் சிதைத்தது. ஐக்கிய அரபு அமீரகம், யுனெஸ்கோ முதலானோரின் உதவியுடன் அது 2017 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.

பேரழிவு நிகழ்ந்தபோது உலகம் உதவியது. நாள்தோறும் நிகழும் சிற்றழிவுகளுக்கு அவ்வுதவி வருவதில்லை. 2025 நவம்பர் 1 அன்று கீஸாவில் பெரும் எகிப்திய அருங்காட்சியகம் கோலாகலமாகத் திறக்கப்பட்டபோது, உலகின் கண்கள் மீண்டும் பொன்முகமூடியின் மீதே பதிந்தன. விளம்பரம் ஏற்கெனவே ஒளிர்வதையே மேலும் ஒளிரச் செய்யும் இயல்புடையது. மங்கியிருப்பதன் பக்கம் அதனைத் திருப்புவது கொள்கையின் கடமை.

அக்கொள்கையை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே உரியது. அர்ப்பணித்தவர் அதனை வெளிப்படையாக விதிக்காவிடினும் அவ்வாறே என்பது ஹனஃபி சட்ட அறிஞர் நிலைப்பாடு. கெய்ரோவின் பள்ளிவாசல்களும் மதரசாக்களும் பன்னூறாண்டுகள் நிலைத்தமைக்கு இவ்வேற்பாடு பெருந்துணை புரிந்தது. பழுது முதலில், பகட்டு பின்னர் என்பதே அதன் சாரம்.

இன்றைய அருங்காட்சியக நிர்வாகிகள் இவ்வரிசையை மாற்றிவிடுகின்றனர் என்பதே நம் குறை. நுழைவுச்சீட்டிலும் நினைவுப்பொருள் விற்பனையிலும் ஒரு பங்கை இன்ன விளக்குக்கு, இன்ன மரவேலைப்பாட்டுக்கு எனப் பெயர் குறித்து ஒதுக்கி, செய்த பணியை ஆண்டுதோறும் மக்கள்முன் வைத்தால், அதுவே சிறந்த விளம்பரமாகவும் அமையும். தான் கொடுத்த காசு ஒரு விளக்கின் விரிசலை அடைத்தது என்றறிந்தவர், பார்வையாளர் என்ற நிலையிலிருந்து அம்மரபின் காப்பாளர் என்ற நிலைக்கு உயர்வார்.