வேளைக்காரர்: புனைவும் கல்வெட்டும்

வரலாற்று நாவல் பழம்பெருமையை நினைவூட்டும். பழங்காலத்தை ஆராயவும் கற்பிக்குமா என்பது திறனாய்வுக்குரிய வினா. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இதற்குத் தக்க சான்று. அரசன் உயிரைக் காக்கச் சூளுரைத்து, தவறின் தம் தலையை அரிந்துகொள்ளும் மறவர்களாகவே வேளைக்காரப் படையினர் அந்நாவலின்வழி வாசகர் நெஞ்சில் பதிகின்றனர்.

அவ்வோவியம் பொய்யன்று, ஆயினும் முழுமையன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், இராசராசனின் விருதுப்பெயர்களைத் தாங்கிய ‘தெரிந்த வலங்கை வேளைக்காரர்’ பிரிவுகள் பல காணப்படுகின்றன. தெரிந்த என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட எனப் பொருள்படும். இத்தகைய படையின் மறுபக்கம் ஈழத்தில் வெளிப்பட்டது. 1070இல் சோழரைப் பொலன்னறுவையினின்று அகற்றிய முதலாம் விசயபாகுவின் படையிலும் வேளைக்காரர் இருந்தனர். சோழர்மேற் செல்லுமாறு அவன் பணித்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்து, தளபதியரைக் கொன்று, அரண்மனைக்குத் தீயிட்டனர் என்கிறது சூளவம்சம். தலைநகரை விட்டு நீங்கிய அரசன், மீண்டு வந்தே கிளர்ச்சியை ஒடுக்கினான்.

அம்மன்னன் 1110இல் மறைந்தபின் பொறிக்கப்பட்ட பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டோ, வேளைக்காரரைப் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட பெரும்பள்ளியின் காவலராகக் காட்டுகிறது. பௌத்தத் தேரர் அழைக்க, வலஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிகக் குழுவினரையும் கூட்டி அவர்கள் உறுதி பூண்டனர். அரசனை எதிர்த்த படையின் காவலைச் சமயமும் வணிகமும் நாடின. துருக்கியில் 1622இல் சுல்தான் இரண்டாம் உஸ்மானை வீழ்த்திய ஜானிசாரிப் படையோ 1826இல் அழிக்கப்பட்டது. காவற்படை அரசியல் வலிமை பெறுதல் ஒரு நாட்டுக்கே உரியதன்று.

மலாக்காத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. பழிசுமத்தப்பட்ட பின்னும் சுல்தானுக்குப் பணிந்தவன் ஹங் துவா. நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகச் சுல்தானையே எதிர்த்தவன் ஹங் ஜெபாட். இருவருள் யார் செய்தது சரி என்று மலாய் இலக்கிய வகுப்பில் வாதிடும் மாணவர், தமிழ் வகுப்பில் வேளைக்காரரை வியந்து பாராட்டுவதோடு அமைந்துவிடல் முறையோ?

கல்கியின் புனைவுச் சுவையை இவ்வினா குறைக்காது. நாவலாசிரியர் கதைக்கு வேண்டியதை எடுத்தாண்டார். எஞ்சியதைத் தேடுவது வாசகர் கடன். நாவலின் சூளுரையையும் பொலன்னறுவைக் கல்வெட்டின் உறுதிமொழியையும் ஆசிரியர் அருகருகே வைத்து, அவ்வாக்கு யாருக்கு, எதற்காக, எதுவரை என வினவச் செய்தல் வேண்டும். வரலாற்று நாவல் வகுப்பறைக்குப் பயன்படுவது அப்போதுதான்.