உப்பில்லா வேளை: சிறுபாணாற்றுப்படையின் கீரையும் மூலிகைப் பட்டியல் வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத் தாவரங்களை மூலிகைகளாகத் தொகுத்துப் பயன் கூறும் ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளன. அவ்வாய்வுகளில் செடியின் பெயர் மட்டும் பாடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அச்செடி உணவான சூழல் விடுபடுகிறது. திண்டிவனம் வட்டாரத்தோடு தொடர்புடைய சிறுபாணாற்றுப்படையில் வரும் வேளைக்கீரையை முன்வைத்து அவ்விடுபாட்டை இக்கட்டுரை விமர்சிக்கிறது. வேளையைக் குறிக்கும் புறநானூற்றுப் பாடல்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாடு, வேளை, கீரை, மூலிகை, வறுமை, சமையல் மரபு.

நூலும் நிலமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதியாகிய கிடங்கல் என்பர். மாவிலங்கையைக் கீழ்மாவிலங்கையோடும், எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரை உப்புவேலூரோடும், ஆமூரை நல்லாமூரோடும் இணைத்துக் காணும் கருத்து பரவலாக உள்ளது. அவ்வகையில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் வடகீழ்ப் பகுதி முழுவதும் இப்பாட்டின் வழித்தடத்துள் அடங்கிவிடுகிறது. நெய்தலில் சுட்ட மீன், முல்லையில் புளிக்கறியிட்ட சூடான சோற்றோடு ஆமான் இறைச்சி, மருதத்தில் வெண்சோற்றோடு நண்டு என நிலத்திற்கு நிலம் உணவு மாறுகிறது. வட்டார வரலாறு எழுதுவோர் இப்பாட்டை விரும்பி எடுத்தாள்வதன் காரணம் இதுவே.

மூலிகை ஆய்வாளர்க்கும் இந்நூல் வளமானது. எயிற்பட்டினத்து வழியில் தாழை, செருந்தி, முண்டகம், புன்னை ஆகியவை அடுத்தடுத்துப் பூக்கின்றன. வேலூர் வழியில் அவரை, காயா, முசுண்டை, காந்தள் வருகின்றன. பட்டியல் வாசிப்பு இவற்றை வரிசைப்படுத்தி, எதிரே தாவரவியற்பெயரும் சித்த மருத்துவப் பயனும் எழுதி நிறைவடைகிறது. நத்தத்தனாரோ இவற்றுள் ஒன்றற்கும் மருந்துப்பயன் கூறவில்லை. தாழை அன்னமாகவும் புன்னை முத்தாகவும் அவரை பவழமாகவும் காந்தள் கைவிரலாகவும் அவர் கண்ணுக்குத் தோன்றின. காட்சிக்குரியவற்றை மருந்துக்குரியவையாக மாற்றுவது ஆய்வாளரின் செயல். அதனைப் புலவரின் அறிவாக ஏற்றிக்கூறுதல் பொருந்தாது.

காந்தள் இதற்குத் தக்க சான்று. இன்று கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுவது இச்செடியே. அதன் விதையிலிருந்து கிடைக்கும் கோல்ச்சிசின் கௌட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அளவு மீறினால் அதுவே உயிர்கொல்லும் நஞ்சு. கிழங்கும் அத்தகையதே. நஞ்சு என்ற சொல் இல்லாமலே காந்தளின் ‘மருத்துவப் பயன்கள்’ அச்சேறுவதைக் காணும்போது, பட்டியல் முறையின் குறை இலக்கிய எல்லையோடு நிற்பதில்லை என்பது தெளிவாகும்.

பி.எல்.சாமி, கு.சீநிவாசன் போன்றோர் சங்கத் தாவரங்களை அடையாளங்காண உழைத்த உழைப்பு இவ்விமர்சனத்திற்கு உட்பட்டதன்று. அவர்கள் பூவின் நிறம், இலையின் அமைப்பு, உரைகாரர் கூற்று ஆகியவற்றைத் தம்முள் ஒப்பிட்டு முடிவு கண்டனர். பின்வந்தோர் பலர் அம்முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குணபாட நூல்களிலிருந்து பயன்களை ஒட்டினர். விமர்சனம் இந்த ஒட்டுதலைப் பற்றியது.

நெல்லியும் வேளையும்

வள்ளல்களைப் போற்றும் பகுதியில், ஔவைக்கு அதியமான் ஈந்த நெல்லிக்கனி பாராட்டப்படுகிறது. அதற்குப்பின் நாற்பது அடிக்கும் குறைவான இடைவெளியில் பாணனின் பழைய அடுக்களை வருகிறது. கண்திறவாக் குட்டிகளை ஈன்ற நாய் பால் சுரவாமையால் நோவுற்றுக் குரைக்கிறது. கூரை வீழ்ந்துள்ளது, சுவர் கரையான் அரித்துக் கிடக்கிறது, காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, வறுமையும் இயல்பே என்றறியாத மடவோர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு உண்கிறாள்.

மூலிகைக் கட்டுரைகளில் நெல்லி தவறாது இடம்பெறும். அரசன் கொடுத்தது, வாழ்நாள் நீட்டிப்பது, உயிர்ச்சத்து மிக்கது என்று மூன்று காலப் பெருமைகளும் அதற்கு உண்டு. வேளையும் இடம்பெறும்; இலைச்சாறு காதுவலிக்கு, அரைத்த விழுது தலையில் வைத்து நீர்க்கோவைக்கு என்று பயன் கூறப்படும். மரபு மருத்துவத்தில் இப்பயன்கள் உள்ளவையே. ஆயினும் பாட்டில் கிணைமகளுக்குக் காதுவலி இல்லை. அவளுக்கு இருந்தது பசி. ஒரே அட்டவணையில் நெல்லியும் வேளையும் ‘சங்கத் தமிழர் மூலிகை அறிவு’ என்ற தலைப்பின்கீழ் அடுத்தடுத்து நிற்கும்போது, கொடையாக வந்த கனிக்கும் கதவடைத்து உண்ட கீரைக்கும் இடையே புலவர் வைத்த தொலைவு இல்லாமற்போகிறது.

உப்பின்மையைப் பத்தியமாகக் கொள்ளலாமா என்ற வினாவும் எழக்கூடும். சித்த மருத்துவத்தில் உப்பு நீக்கிய பத்தியம் உண்டு. பாட்டின் உட்சான்று அதற்கு இடந்தரவில்லை. பத்தியம் இருப்போர் பிறர் காண நாணுவதில்லை. சுற்றம் முழுவதும் சேர்ந்து பத்தியம் இருப்பதுமில்லை. மேலும் இதே பாட்டில் கொற்கையைக் கூறுமிடத்து உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. உமட்டியர் பிள்ளைகளோடு மந்தி கிலுகிலுப்பை ஆடுகிறது. நாட்டில் உப்பு வண்டிவண்டியாகச் செல்கிறது, அடுக்களையில் ஒரு கல் இல்லை. அந்த வீட்டினன்தான் பிறகு, இன்று உப்பளங்களால் அறியப்படும் மரக்காணக் கரையின் வழியைப் பிறனொரு பாணனுக்குக் காட்டுகிறான்.

இங்கு வட்டார ஆய்வாளர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டியுள்ளது. வேளைக்கீரைப் பகுதி ஓய்மானாட்டு வருணனை அன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், பெறுவதற்குமுன் தன் இல்லம் இருந்த நிலையைக் கூறும் பகுதி அது. அவ்வில்லம் எந்த நாட்டில் இருந்தது என்று பாட்டு சொல்லவில்லை. ஆகவே அதனைத் திண்டிவனத்துத் தாவரச் சான்றாகக் காட்டுதல் கூற்றுநிலையைக் கவனியாத பிழையாகும்.

அடுக்களையின் இலக்கணம்

வேளை சங்கப் பாடல்களில் ஒரே மதிப்புடையதாக வரவில்லை. புறநானூறு 215இல் கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாரின் நாட்டைப் பாடும்போது, வேளையின் வெண்பூவைத் தயிரோடு கூட்டி ஆய்மகள் சமைத்த புளிங்கூழை அவரை கொய்வோர் வயிறார உண்கின்றனர். 246இல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு மறுக்கும் கைம்மை உணவில், எள்ளரைப்பும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளை இடம்பெறுகிறது. 159இல் பெருஞ்சித்திரனார் குமணனிடம் கூறும் தம் வீட்டுநிலையில் வருவது குப்பைக்கீரை. அது வேளைதானா என்று துணிய இயலாது. எனினும் அவர் அடுக்களையும் இக்கிணைமகளின் அடுக்களையும் ஒன்றே. அங்கும் உப்பில்லை, மோருமில்லை, சோறு மறந்துபோயிற்று.

நான்கையும் சேர்த்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கீரை அடிப்பொருள். அதனோடு கூடும் பொருளே உண்பவரின் நிலையைச் சொல்கிறது. தயிர் கூடினால் முல்லைநில உழைப்பாளியின் நிறைவான உணவு. எள்ளும் புளியும் மட்டும் கூடினால் கைம்மை. ஒன்றும் கூடாதபோது வறுமை. புலவர்கள் உப்பின்மையையும் மோரின்மையையும் தனித்தனியே எண்ணிச் சொன்னது அவல மிகைக்காக மட்டுமன்று. வேளை கைப்புச்சுவை உடையது. வெண்பூக் கொண்ட நல்வேளை, அதாவது கிளியோம் கைனாண்ட்ரா, கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றும் பெருவழக்கான கீரை. கென்யாவில் அதனை வேகவைத்துப் பால் சேர்த்துக் கைப்பைத் தணித்து உண்கின்றனர். புறம் 215இன் ஆய்மகள் தயிரால் செய்ததும் அதுவே. கைப்பைத் தணிக்க எதுவுமில்லாத கீரையை உண்ண நேர்ந்தது என்பதே உப்பின்மைக் குறிப்பின் முழுப்பொருள். சமைத்தறிந்த மகளிர்க்கு இது விளக்காமலே விளங்கியிருக்கும்.

இதற்கு நேர்மாறானது நல்லியக்கோடனின் அட்டில். அங்கு வீமன் இயற்றியதாகக் கூறப்படும் மடைநூலின் முறை வழுவாமல் பல்வேறு அடிசில் ஆக்கப்படுகின்றது. அரண்மனைச் சமையலுக்கு நூல் உண்டு, ஆசிரியனும் உண்டு. கிணைமகளின் கீரையறிவுக்கு நூல் இல்லை, நகம் உண்டு. மூலிகை ஆய்வுகள் தேடிச்செல்லும் ‘மரபறிவு’ உண்மையில் இந்த இரண்டாம் இடத்தில்தான் உள்ளது. எந்தச் செடி, எந்தப் பருவம், எவ்வளவு இளசாக என்று அவள் அறிந்திருந்தாள். அவள் பெயர் பாட்டில் இல்லை.

புறம் 159இல் இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. கீரை முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் கிளைத்த முற்றாத தளிர் என்கிறார் பெருஞ்சித்திரனார். நுனி கிள்ளினால் பக்கக் கிளை விடுவது கீரை வளர்ப்போர் அறிந்த முறை. நல்வேளையிலும் பூமொட்டைக் கிள்ளி நீக்கினால் இலை அறுவடைக்காலம் நீளும். ஆனால் இங்கு அது தோட்டக்கலை நுட்பமாக வரவில்லை. நேற்றும் அதே செடி, இன்றும் அதே செடி. முற்றவிடக் கூடப் பொறுக்காத பசி.

பயிரும் களையும்

வேளை விதைத்து வளர்த்த செடியன்று. உரச்சத்து மிகுந்த, கிளறிய மண்ணில் மழைக்குப்பின் தானே எழுவது. குப்பைமேடு அதற்கு ஏற்ற இடம். பாட்டின் ‘குப்பை’ என்ற அடை இழிவுக்குறிப்பு மட்டுமன்று, செடியின் வாழிடம் பற்றிய சரியான செய்தியுமாகும். மானாவாரி நிலக்கடலைக் கொல்லையில் அது களை. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்னும் எழுத்துகளோடு அங்கிருந்து வெளிவந்த எள், நிலக்கடலை இரகங்கள் உழவரிடையே நன்கறியப்பட்டவை. அவ்வெழுத்துகள் இவ்வூர்ப்பெயரையே குறிப்பன. பெருங்கோப்பெண்டு வெறுத்த உணவில் ஒன்றாகக் கிடந்த எள்ளும் வேளையும் பின்னர் இருவேறு வழி சென்றன. ஒன்று இரகமாயிற்று. மற்றொன்று பிடுங்கப்படுவதாயிற்று.

கையால் களையெடுக்கும் முறையில், பிடுங்கியவற்றுள் உண்ணத்தக்கவை பெண்களின் மடியில் வீடு சேரும். களைக்கொல்லி தெளித்த நிலத்தில் அவ்வழி அடைபட்டுவிடும். மறுபுறம் பள்ளி, கல்லூரி வளாகங்களில் மூலிகைத் தோட்டங்கள் அமைக்கப்படுகின்றன. துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை ஆகியவை பாத்திகளில் பெயர்ப்பலகையோடு நிற்கும். வேளையோ அப்பாத்திகளின் ஓரத்தில் தானே முளைத்து, தோட்டம் தூய்மைசெய்யும் நாளில் அகற்றப்படும். தேர்ந்தெடுப்பு இவ்வாறு நிகழ்வதற்கும் இலக்கிய ஆய்வில் கீரை உண்டவர் மறைவதற்கும் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இரண்டிலும் செடி அதனைப் பறித்த கையினின்றும் பிரிக்கப்படுகிறது.

மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு போன்ற இடங்களில் இவ்வட்டாரத்தின் பழைய உலர்பசுமைக்காட்டுத் தாவரங்கள் எஞ்சியுள்ளன. காவற்காடு என்பதால் அவை தப்பின. குப்பைமேட்டுச் செடிக்குக் காவல்தெய்வம் இல்லை. அதனைக் காக்கக்கூடியது அதனை உண்ணும் வழக்கம் மட்டுமே. அவ்வழக்கம் இங்கு எவ்வீடுகளில் இன்னும் உள்ளது, அதனைச் சொல்வதற்கு இன்றும் எவர் நாணுகின்றனர் என்பவை களஆய்வில் கேட்கவேண்டியவை. ‘இதன் மருத்துவப் பயன் என்ன’ என்று தொடங்கும் வினாநிரலால் இவ்விடைகள் கிடைக்கமாட்டா. கேட்கப்படுவோர் பசியை மறைத்து, மருந்தைச் சொல்லிவிடுவர். கதவடைப்பு வேறு வடிவில் தொடரும்.

ஆய்வேடுகளில் வழக்கமான அட்டவணையை விலக்கவேண்டியதில்லை. செடியின் பெயர், தாவரவியற்பெயர், பாடல் எண், பயன் ஆகிய பத்திகளோடு, ‘எதனோடு சமைக்கப்பட்டது’, ‘எவர் உண்டார்’, ‘எவர் கூற்று’ என மூன்று பத்திகள் சேர்க்கப்பட்டால் போதும். புறம் 215க்கு எதிரே தயிரும் அவரை கொய்வோரும் வருவர். 246க்கு எதிரே எள்ளும் புளியும், அவ்வுணவை மறுத்துத் தீப்புகும் அரசியும் வருவர். சிறுபாணாற்றுப்படைக்கு எதிரே முதற்பத்தியில் எழுதுவதற்கு ஒன்றும் இராது.