லியு பெய் தோற்கும்போது அழுகிறவர்கள்

11-ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் சு ஷி எழுதி வைத்த ஒரு சின்னக் குறிப்பு உண்டு. நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டது என்று எழுதுகிறார். தெருவில் சேட்டை செய்து வீட்டாரைப் படுத்தி எடுக்கும் பொடியன்களைச் சமாளிக்க முடியாமல், பெரியவர்கள் கையில் காசைக் கொடுத்துக் கதைசொல்லியிடம் அனுப்பிவிடுவார்களாம். கதை மூன்று அரசுகளின் காலத்துக்கு வந்துவிட்டால் போதும். லியு பெய் தோற்றான் என்றதும் பையன்கள் முகம் சுருங்கும், சிலருக்குக் கண்ணில் நீரே வந்துவிடும். சாவோ சாவோ தோற்றான் என்றால் ஒரே கொண்டாட்டம்.

சு ஷி இறந்தது 1101-இல். இன்று நாம் 'மூன்று அரசுகளின் காதை' என்று வாசிக்கும் நாவலை எழுதியதாகச் சொல்லப்படும் லுவோ குவான்ஜோங் 14-ஆம் நூற்றாண்டுக்காரர். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதி 1522-ஆம் வருடத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகம் அச்சாவதற்கு 400 வருடங்களுக்கும் மேலாக முன்பே ரசிகர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்காக அழுவது, யார் தோற்றால் கைதட்டுவது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. ஆகவே இந்த நாவல் ரசிகர்களை உண்டாக்கியது என்று சொல்வதைவிட, ரசிகர்கள் சேர்ந்து இந்த நாவலை உண்டாக்கினார்கள் என்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அந்தப் பிரியம் புத்தகத்துக்கு என்ன நல்லது செய்தது, யாருக்கு அநியாயம் செய்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: 184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் வெடிக்கிறது, ஹான் பேரரசு ஆட்டம் காண்கிறது. கடைசியில் மூன்று துண்டு. வடக்கே சாவோ சாவோவின் வெய், தென்கிழக்கே சுன் சுவானின் வூ, தென்மேற்கு மலைகளுக்குள்ளே லியு பெய்யின் ஷு. மூன்றில் சின்னது ஷுதான், முதலில் விழுந்ததும் (263-இல்) அதுதான். 280-இல் ஜின் அரசவம்சம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியபோது இந்த மூன்று வீடுகளில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அத்தனை ரத்தமும் நான்காவது ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வரலாற்றை எழுதியவர் சென் ஷோ. ஷுவில் பிறந்து, ஷு விழுந்தபின் ஜின் அரசில் வேலை பார்த்தவர். வெட்டி வெட்டி எழுதுகிறவர், அலங்காரமே கிடையாது. 429-இல் பெய் சோங்ஜி என்பவர் இதற்கு உரை எழுதினார். இந்த உரை ஒரு புதையல். தன் கையில் கிடைத்த எல்லா நூல்களிலிருந்தும், ஒன்றுக்கொன்று முரண்படும் தகவல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தார். நம்ப முடியாததென்றால் ஏன் நம்ப முடியாது என்றும் எழுதினார்.

ஒரே ஒரு உதாரணம். சாவோ சாவோ இளைஞனாக, தலைமறைவாக ஓடிக்கொண்டிருந்தபோது லியு போஷெ என்ற தெரிந்தவர் வீட்டில் தங்குகிறான். அங்கே கொலை விழுகிறது. பெய் சோங்ஜி மூன்று தகவல் தருகிறார். வெய் தரப்பு நூல், வீட்டு ஆட்கள் கொள்ளையடிக்க வந்தார்கள், தற்காப்புக்காக வெட்டினான் என்கிறது. இரண்டாவது நூல், சந்தேகத்தில் எட்டுப் பேரைக் கொன்றான் என்கிறது. மூன்றாவது, பாத்திரச் சத்தத்தை ஆயுதச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிட்டு, பிறகு வருத்தத்தோடு, மற்றவர் எனக்குத் துரோகம் செய்வதைவிட நான் மற்றவருக்குச் செய்தது மேல் என்று சொன்னான் என்கிறது.

நாவல் இதில் என்ன செய்கிறது? மிக மோசமான தகவலை எடுத்துக்கொள்கிறது. பாத்திரச் சத்தம் கத்தி தீட்டும் சத்தமாகிறது. கொன்ற பிறகு சமையலறையில் கட்டிக் கிடக்கும் பன்றியைக் காட்டுகிறது. இவனுக்கு விருந்து வைக்கத்தான் கத்தி தீட்டியிருக்கிறார்கள். மூன்று தகவல்களிலும் வீட்டுக்காரர் லியு போஷெ கொல்லப்படவே இல்லை. நாவலில் அவர் விருந்தாளிக்காக மது வாங்கிக்கொண்டு கழுதைமேல் திரும்பி வருகிறார், வழியில் அவரையும் வெட்டிவிடுகிறான் சாவோ சாவோ. அந்த வாக்கியத்திலிருந்த வருத்தம் போயிற்று. 'மற்றவர்' என்றிருந்தது 'உலகத்தார்' ஆயிற்று. இரண்டே திருத்தம்தான், வருந்தும் ஒரு மனிதன் வில்லனாகிவிட்டான். கலை என்று பார்த்தால் இதை மிஞ்ச முடியாது, சும்மா சொல்லக்கூடாது. அந்தப் பன்றி ஒன்று போதும்.

ஆனால் இதற்குமேல்தான் சுவாரசியம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாவ் லுன், மாவ் சோங்காங் என்று ஒரு தந்தையும் மகனும் இந்த நாவலைக் கையிலெடுத்துத் திருத்தினார்கள். இன்று உலகம் வாசிப்பது அவர்கள் பிரதியைத்தான். பிரிவதும் சேர்வதும் பற்றிய அந்தப் பிரபலமான முதல் வாக்கியம் 1522 பிரதியில் இல்லை, இவர்கள் சேர்த்தது. சாவோ சாவோவுக்குச் சாதகமான இடங்களைக் கத்தரித்தார்கள், லியு பெய்க்கு மெருகேற்றினார்கள், வரிக்கு வரி ஊடே உரையும் எழுதினார்கள். அசல் ரசிகர்கள். அப்படிப்பட்ட மாவ், லியு போஷெ காட்சியில் என்ன எழுதுகிறார் தெரியுமா? இந்த வாக்கியத்துக்காக எல்லாரும் இவனைத் திட்டுகிறார்கள், ஆனால் இந்த எண்ணம் இல்லாதவர் யார், அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு, இந்த ஒரு விஷயத்தில் இவன் மற்றவர்களைவிட மேல் என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார்! வெறுக்கிற ஆளைக்கூட இப்படி உற்றுப் பார்க்கத் தெரிந்த ரசிகனுக்கு நான் தலைவணங்குவேன். மாவ் இந்தக் கதையில் ஈடிணையற்றவர்கள் என்று மூன்று பேரைச் சொல்கிறார்: அமைச்சரில் ஜுகே லியாங், தளபதியில் குவான் யு, வில்லனில் சாவோ சாவோ. அவர் உயிராகப் பாதுகாக்கும் லியு பெய் பட்டியலில் இல்லை பாருங்கள்.

ஏன் லியு பெய் பக்கம் இவ்வளவு சாய்வு? அரசியல் காரணம் உண்டு. 1084-இல் சிமா குவாங் தன் பெரிய வரலாற்றை எழுதியபோது வெய் அரசின் ஆண்டுக்கணக்கைத்தான் பின்பற்றினார். 1127-இல் சோங் அரசு வடக்கை இழந்து தெற்கே ஒதுங்கியது. அதன்பின் வந்த ஜு ஷி, ஷுதான் ஹானின் நியாயமான வாரிசு என்றார். வடக்கை இழந்தவர்களுக்கு, வடக்கை மீட்கத் துடித்துத் தோற்ற சின்ன அரசின்மேல் பாசம் வருவது இயல்புதானே. ஆனால் சு ஷியின் பொடியன்கள் அதற்கும் முந்தியவர்கள். அவர்களுக்கு வாரிசுரிமை பற்றி என்ன தெரியும்? தோற்கிறவன் மேல் வந்த பிரியம், அவ்வளவுதான்.

அந்தப் பிரியத்துக்கு மற்றவர்கள் விலை கொடுத்தார்கள். அதில் எனக்கு ஆறவே ஆறாதது ஜோ யுவின் விஷயம். 208-இல் செம்பாறைப் போரில் சாவோ சாவோவின் கப்பல்களை எரித்தது வூ நாட்டுப் படை. தளபதி ஜோ யு, நெருப்பு யோசனை அவனுக்குக் கீழிருந்த ஹுவாங் காய் சொன்னது. நாவலில் பெருமையெல்லாம் ஜுகே லியாங்குக்கு. கிழக்குக் காற்றையே அவன்தான் வரவழைக்கிறான். அம்புகளின் பயணத்தைப் பாருங்கள். பெய் சோங்ஜி தரும் ஒரு தகவலில், 213-இல் சுன் சுவானின் படகு ஒரு பக்கம் அம்பு தைத்துச் சாய, அவன் படகைத் திருப்பி மறுபக்கமும் அம்பு வாங்கிச் சமன்படுத்திக்கொண்டு போய்விடுகிறான். 1320-களில் அச்சான கதைப்புத்தகத்தில் அந்த அம்புகள் ஜோ யுவுக்குப் போகின்றன. நாவலில் வைக்கோல் படகுகளோடு ஜுகே லியாங்குக்கு! நல்லதெல்லாம் கைமாறிக் கைமாறிச் செல்லப்பிள்ளையிடமே வந்து சேர்கிறது.

அதோடு விட்டார்களா? வரலாற்று ஜோ யு பெருந்தன்மைக்காரன். அவனை மதிக்காதிருந்த மூத்த தளபதி ஒருவரே, இவனோடு பழகுவது நல்ல மதுவைக் குடிப்பதுபோல, போதை ஏறியதே தெரியாது என்று சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நாவலில் இதே ஆள் பொறாமையில் வெந்து, தன்னைப் படைத்த வானம் ஜுகே லியாங்கை ஏன் படைத்தது என்று புலம்பியே செத்துப்போகிறான். பாவம். ஜுகே லியாங்கின் அறிவைக் காட்ட இன்னொருவன் மனசையே சின்னதாக்கவேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு செய்தும் பலன் என்ன? எழுத்தாளர் லூ ஷுன் 1920-களில், லியு பெய்யை நல்லவனாகக் காட்டப் போய்ப் போலியாகத் தெரிகிறான், ஜுகே லியாங்கை அறிவாளியாகக் காட்டப் போய் மந்திரவாதிபோல ஆகிவிட்டான் என்று விமர்சித்தார். சரியான அடி.

இவ்வளவு குறை சொல்லியும் நான் ஏன் இந்த நாவலை விடவில்லை என்றால், நாவல் தன் ரசிகர்களைவிடப் புத்திசாலி. ரசிகர்கள் உருகுவது பீச் தோட்டத்துச் சபதத்துக்கு. லியு பெய், குவான் யு, ஜாங் ஃபெய் மூவரும் ஒரே நாளில் சாவோம் என்று சகோதரர்களாகும் காட்சி. வரலாற்றில் அப்படி ஒரு சடங்கு இல்லை. ஒரே படுக்கையில் தூங்கினார்கள், சகோதரர்கள் போன்ற பாசம் என்று மட்டும்தான் சென் ஷோ சொல்கிறார். நாவல் அதைச் சபதமாக்கி முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டது. வைத்ததோடு நிற்கவில்லை, அந்தச் சபதத்தை வைத்தே ஷு அரசைச் சாய்க்கிறது.

முதல் விரிசல் 50-ஆம் அத்தியாயம். செம்பாறையில் தோற்று ஓடிவரும் சாவோ சாவோவை ஹுவாரோங் பாதையில் மடக்கி நிற்கிறான் குவான் யு. விட்டால் என் தலையை எடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். ஆனால் ஒருகாலத்தில் தனக்குச் சோறிட்டு மரியாதை செய்தவன் சாவோ சாவோ. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோமே, அச்சு அசலாக அதுதான். விட்டுவிடுகிறான். (வரலாற்றில் சாவோ சாவோ அந்தப் பாதையில் தப்பியது உண்மை, குவான் யு அங்கே நின்றது கற்பனை.) கேட்கிறவர் கண்ணெல்லாம் கலங்கும். ஆனால் யோசியுங்கள், போர் அன்றே முடிந்திருக்கும். ஒருவனுடைய நன்றியுணர்ச்சிக்காக இன்னும் பல்லாயிரம் பேர் சாகப்போகிறார்கள்.

அடுத்து குவான் யுவை வூ நாட்டார் பிடித்துத் தலையை வெட்டிவிடுகிறார்கள். லியு பெய்க்கு வெறி. 81-ஆம் அத்தியாயத்தில் ஜாவோ யுன் தடுக்கிறான்: ஹான் பேரரசைப் பறித்தவன்மேல் உள்ள பகை பொதுப்பகை, தம்பிக்காக உள்ள பகை சொந்தப்பகை, எது முதலில்? தம்பிக்குப் பழிவாங்காமல் இந்த நாடே இருந்தும் எனக்கு என்ன என்கிறான் லியு பெய். ஜாங் ஃபெய் மூன்று நாளில் படை முழுவதற்கும் வெள்ளைத் துக்க உடை வேண்டும் என்று கீழிருந்தவர்களை அடித்து மிரட்ட, அவர்கள் அவன் தூங்கும்போது வெட்டிவிட்டு எதிரியிடம் ஓடுகிறார்கள். அவன் முகாமிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆனால் அனுப்பியது வேறு ஆள் என்று கேட்ட மாத்திரத்தில் ஜாங் ஃபெய் செத்துவிட்டான் என்று லியு பெய் புரிந்துகொண்டதாகச் சென் ஷோவே எழுதியிருக்கிறார். 222-இல் யிலிங்கில் லியு பெய்யின் முகாம்கள் வரிசையாக எரிகின்றன. அடுத்த வருடம் அவனும் போகிறான். ஷு அதன்பின் நிமிரவே இல்லை.

நாம் எந்தக் குணத்துக்காக இவர்களை நேசிக்கிறோமோ, அந்தக் குணமே இவர்களைக் கொல்கிறது. சபதத்தை மீறியிருந்தால் ஒருவேளை நாடு பிழைத்திருக்கும், ஆனால் நாம் நேசித்திருக்க மாட்டோம். 1985 முதல் வரும் கோய் நிறுவனத்து வீடியோ கேமில் லியு பெய்யை வைத்து ஆடி, யிலிங்குக்குப் போகாமல் நாட்டையே பிடித்துவிடலாம். பொழுது நன்றாகத்தான் போகும். ஆனால் அங்கே குவான் யு என்பது போர்த்திறனுக்கு இத்தனை, அறிவுக்கு இத்தனை என்ற எண்கள்தான். ஹுவாரோங் பாதையில் நிற்கும் மனிதனை எந்த எண்ணில் அடைப்பது?

ரசிகர்கள் பேச விரும்பாத இன்னொரு இடம் 19-ஆம் அத்தியாயம். ஓடிவரும் லியு பெய்க்குச் சமைக்க வேட்டை கிடைக்காததால் லியு ஆன் என்ற வேடன் தன் மனைவியைக் கொன்று கறி சமைத்துப் போடுகிறான். காலையில் உண்மை தெரிந்து லியு பெய் அழுகிறான், புறப்படுகிறான். விஷயம் கேட்ட சாவோ சாவோ வேடனுக்குப் பொன் அனுப்புகிறான். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. தலைவன்மேல் வைக்கும் பக்தி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட ஒரு காட்சி வேண்டுமா? நாவல் இதைக் கண்டிக்கவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் கிடையாது, தேடவும் போவதில்லை.

ஜுகே லியாங் சாவது 104-ஆம் அத்தியாயம். பல ரசிகர்கள் அதோடு மூடிவைத்துவிடுவார்கள். மிச்சமுள்ள 16 அத்தியாயம் சலிப்பு என்பார்கள். எனக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. லியு பெய்யின் மகன் லியு ஷான், சின்ன வயதுப் பெயர் ஆதோ. குழந்தையாக இருந்தபோது ஜாவோ யுன் எதிரிப்படைக்குள் புகுந்து மார்போடு கட்டிக் காப்பாற்றி வந்தானே, அதே பிள்ளை. சீனத்தில் இன்றும் உருப்படாதவனை ஆதோ என்று திட்டுவார்கள். 263-இல் வெய் படை செங்டு வாசலுக்கு வந்ததும் கதவைத் திறந்து சரணடைந்துவிட்டான். அவன் மகன் லியு சென் அந்த அவமானம் பொறுக்காமல் மனைவி மக்களைக் கொன்று தானும் செத்தான். ரசிகர்களின் கண்ணீரெல்லாம் இந்த மகனுக்குத்தான். சரணடைந்ததால் அன்றைக்கு நகரத்தின்மேல் முற்றுகை விழவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு லுவோயாங்கில் ஒரு விருந்து. சிமா ஜாவோ வேண்டுமென்றே ஷு நாட்டுப் பாட்டையும் ஆட்டத்தையும் போடச் சொல்கிறான். கூட வந்த பழைய ஷு அதிகாரிகள் அழுகிறார்கள். லியு ஷான் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊர் நினைவு வரவில்லையா என்று கேட்டால், இங்கே சந்தோஷமாக இருக்கிறது, நினைவு வரவில்லை என்கிறான். முட்டாளா, உயிர் பிழைக்கத் தெரிந்த நடிகனா என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் அவன் முட்டாள்தான் என்கிற கட்சி. ஆனால் முட்டாளாகவே இருந்து, 271-இல் படுக்கையில் செத்தான். அந்தச் சபதக்காரர்கள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது வாய்க்கவில்லை.