குலமும் தொழிலும்: ‘ஹீரோஸ்’ தொடரில் எளியோர் பெற்ற ஆற்றல்

காப்பியத் தலைவன் எத்தகையனாதல் வேண்டும் என்னும் வினா இலக்கண நூலார்க்குப் புதியதன்று. பெருங்காப்பியத்துக்குத் தலைவனாவான் தனக்கு ஒப்பார் இல்லாதவனாக இருத்தல் வேண்டும் என விதித்தது தண்டியலங்காரம். அரசகுலத்தைச் சாராத வணிகக் குடியினரைத் தலைமக்களாகக் கொண்டு அவ்விதிக்கு அடங்காது நின்றது சிலப்பதிகாரம். பொதுமக்களைத் தலைமைக்கு உரியராக்கும் படைப்பாளன் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றான். எளியோர் எளியோராகவே இருப்பின் அருஞ்செயல் நிகழ இடமில்லை. அருஞ்செயல் நிகழ்ந்தபின் அவரை எளியோர் என்று சொல்லுதற்கில்லை. இவ்விடர்ப்பாட்டை நம் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதையொன்று எங்ஙனம் எதிர்கொண்டது, எவ்விடத்து வழுவிற்று என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

டிம் கிரிங் என்பார் படைத்த ‘ஹீரோஸ்’ என்னும் தொடர், என்.பி.சி. நிறுவனத்தின் வாயிலாக 2006 செப்டம்பர் 25 முதல் 2010 பிப்ரவரி 8 வரை நான்கு பருவங்களாக ஒளிபரப்பப்பட்டது. முதற்பருவம் மட்டும் 23 பகுதிகளை உடையது. 2015-இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ரீபார்ன்’ என்னும் தொடர்ச்சி இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. மாந்தர் வானிற் பறப்பதும் காலத்தை நிறுத்துவதும் ஆகிய கதைகள் ஆராய்ச்சிக்குரியனவோ என ஐயுறுவார் உளர். மணிமேகலை வான்வழிச் சென்றாள், வேற்றுருவம் கொண்டாள் என்பதற்காக அந்நூலை எவரும் ஒதுக்கினாரல்லர். பறத்தல் நிகழுமா என்பது நம் வினா அன்று. பறப்பவன் யாவன், பறந்து என் செய்தான் என்பனவே வினாக்கள்.

கதையின் கொள்கையை எடுத்துரைப்பவன் மொகிந்தர் சுரேஷ் என்னும் மரபியல் ஆசிரியன். அவன் சென்னையில் கற்பிப்பவன். அவன் தந்தை சந்திரா சுரேஷ், மாந்த இனத்திற் புதிய ஆற்றல்கள் தோன்றுகின்றன என்னும் கருத்தோடு நியூயார்க் சென்று, வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்துக்கொண்டே ஆராய்ந்து, கொல்லப்படுகின்றான். தந்தையின் ஏடுகளைத் தேடிச் சென்ற மகனும் அந்நகரில் வாடகைக் காரே ஓட்டுகின்றான். சென்னைக்காரனுக்குப் பஞ்சாபியர் பெயரை இட்டது, படைத்தோர் நம் நாட்டை அறிந்திருந்த அளவைக் காட்டும். அம்மாந்தனாக நடித்தவர் பெயர் செந்தில் ராமமூர்த்தி. நடிகரின் பெயரையே இரவல் வாங்கியிருப்பின் இவ்விழுக்கு நேர்ந்திராது.

பெயர் எங்ஙனமாயினும், மொகிந்தர் கூறும் கொள்கையில் ஒரு வாக்குறுதி அடங்கியுளது. மரபணுவில் நேரும் பிறழ்ச்சி குடிப்பிறப்பை நோக்கி நேர்வதன்று. செல்வத்தை நோக்கியும் நேர்வதன்று. அது யார்க்கும் நேரலாம். தனியொருவன் தன் வாழ்நாளுக்குள் படிவளர்ச்சி அடைவதில்லை என உயிரியலார் மறுப்பர். அம்மறுப்பு உண்மையே. எனினும் அறிவியலைப் படைப்போர் ஓர் உவமையாகவே எடுத்துக்கொண்டனர். உலகில் எங்கோ ஒரு மூலையில் உழைத்துக்கொண்டிருப்பவன்மீதும் ஆற்றல் வந்து இறங்கலாம் என்பதே அவ்வுவமையின் பொருள்.

முதற்பருவத்தின் பெரும்பகுதி இவ்வாக்குறுதியைக் காக்கின்றது. ஹிரோ நாகமுரா தோக்கியோ நகரத்து அலுவலகம் ஒன்றில், தடுப்புகளால் பிரிக்கப்பட்ட மேசைகளுள் ஒன்றன்முன் அமர்ந்து வேலை செய்பவன். கடிகாரத்தின் நொடிமுள்ளை ஒரு நொடி பின்னோக்கி நகர்த்துவதே அவன் செய்யும் முதல் அருஞ்செயல். ஊரையோ மலையையோ பெயர்க்கவில்லை. ஒரு முள், ஒரு நொடி. நாள் முழுதும் கடிகாரத்தை நோக்கியிருக்கும் பணியாளன் வேறு எதனைப் பெயர்க்க விரும்புவான்? அவனும் அவன் தோழன் ஆண்டோவும் தம் தாய்மொழியாகிய சப்பானிய மொழியிலேயே உரையாட, ஆங்கிலம் திரையில் எழுத்தாக வருகின்றது. அமெரிக்கப் பெருந்தொடர் ஒன்று பிறமொழியினர்க்கு இத்துணை இடமளித்தது பாராட்டத்தக்கது.

பீட்டர் பெட்ரெல்லி இறக்கும் நிலையில் உள்ளாரைப் பேணும் செவிலியன். பிறர் துன்பத்தைத் தன்பால் ஏற்பது அவன் தொழில்; அருகில் நிற்போரின் ஆற்றலைத் தன்பால் ஏற்பது அவன் ஆற்றல். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவலன் மாட் பார்க்மன் எழுத்துக்களைக் கூட்டிப் படித்தலில் இடர்ப்படுபவன். அதனால் துப்பறிவாளர் தேர்விலும் தவறியவன். அவனே பிறர் உள்ளத்தைப் படிக்கின்றான். படித்ததனால் அவன் அறிவனவற்றுள் ஒன்று, தன் மனைவி தன்னிடம் மறைத்தது. ஆற்றல் இங்கு மேனிமேல் பூட்டிய அணிகலன் அன்று. அவரவர் தொழிலிலும் குறையிலும் வேர்விட்டு முளைத்தது. மருட்கை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களுள் புதுமையையும் ஆக்கத்தையும் தொல்காப்பியர் வேறுவேறாக வைத்தார். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாகத் திரிதல் என உரையாசிரியர் கொள்வர். புதுமை இருமுறை கண்டவிடத்துத் தேய்ந்துவிடும். ஆக்கமோ முன்னிருந்த பொருள் நினைவில் உள்ளவரை தேயாது. முதற்பருவத்தின் வியப்பு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

இக்கருத்தைத் தலைகீழாக நிறுத்திக் காட்டுபவன் கொலைஞனாகிய சைலர். அவன் இயற்பெயர் கேப்ரியல் கிரே. கடிகாரம் பழுதுபார்ப்பது அவன் தொழில். எப்பொறியையும் நோக்கியமாத்திரத்தே அது இயங்கும் முறையை உணர்தல் அவன் ஆற்றல். தொழிலும் ஆற்றலும் இவனிடம் பொருந்தியதுபோல் வேறெவரிடமும் பொருந்தவில்லை. ஆயின் அவன் அதனை ஆற்றலென்று மதியாமல், பிறரைக் கொன்று அவர் ஆற்றலைக் கவர்கின்றான். சைலர் என்னும் பெயரும் ஒரு கைக்கடிகாரத்தின் பெயரே. தொழிலைத் துறக்க எண்ணியவன் புதுப்பெயரையும் தொழிலிலிருந்தே எடுத்துக்கொண்டான் என்பது நுட்பம்.

முதற்பருவத்தின் 21-ஆம் பகுதியில் அவன் தன் தாயைக் காண வருகின்றான். கண்ணாடிக் குமிழுக்குள் பனி பொழியும் விளையாட்டுப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் எளிய மூதாட்டி அவள். கடிகாரம் பழுதுபார்ப்பவனாகவே தான் இருந்துவிட்டால் போதாதா என்பது மகனுக்கு அவளிடம் உள்ள வினா. போதும் என்று அவள் சொல்லவில்லை. தன் மகன் விரும்பினால் நாட்டுக்கே தலைவனாகலாம் என்கின்றாள். அன்பினாலேயே அவ்வாறு சொல்கின்றாள். சிறிது நேரத்தில் இருவர்க்கும் இடையே நேர்ந்த பூசலில் கத்தரிக்கோல் பாய்ந்து அவள் இறக்கின்றாள். கொடியவன்மீது இரக்கம் தேடும் மலிந்த உத்தி என இக்காட்சியைக் குறைகூறுவாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எளிமை இழிவன்று என்னும் ஒரு சொல்லுக்காக ஏங்கியவன், அதனைப் பெறாது கொலைஞனாகவே மீள்கின்றான். தொடர் முழுவதிலும் எளியோர் என்பதன் பொருளை இத்துணை நேராக வினவிய இடம் பிறிதில்லை.

நோவா பென்னெட்டைப் பற்றியும் கூறல் வேண்டும். டெக்சாசு மாநிலத்து ஒடெசா நகரில் தாள் நிறுவனம் ஒன்றில் அலுவல் பார்ப்பதாக வெளியே காட்டிக்கொண்டு, ஆற்றலுடையோரைப் பிடித்து அடையாளமிடும் மறைவான அமைப்புக்குத் தொண்டு செய்பவன். அவனுக்கு எந்த ஆற்றலும் இல்லை. அவன் வளர்ப்பு மகள் கிளேர் எக்காயமும் தானே ஆறும் உடல் பெற்றவள். 17-ஆம் பகுதியாகிய ‘கம்பெனி மேன்’ பெரும்பாலும் அவர்கள் வீட்டினுள்ளேயே நிகழ்கின்றது. மகளின் இருப்பிடத்தைத் தன் வாயிலிருந்தே தலைமை அறிந்துவிடுமோ என்று அஞ்சி, தன்னைச் சுடச்செய்து, அவளைப் பற்றிய நினைவை அழித்துவிடுமாறு தானே வேண்டிக்கொள்கின்றான். பறந்தவரும் தீயானவரும் செய்த எதுவும் இச்செயலுக்கு ஈடாகாது. இப்பகுதியை எழுதியவர் பிரயன் புல்லர்.

இனி வழுவைக் காண்போம்.

கிளேரைப் பெற்ற தந்தை யாவன் என்னும் வினாவுக்கு முதற்பருவத்திலேயே விடை வருகின்றது. காங்கிரசு அவைத் தேர்தலில் நிற்கும் நேதன் பெட்ரெல்லியே அவன், பீட்டருக்குத் தமையன். ஹிரோவின் தந்தை கைதோ நாகமுரா, ஹிரோ வேலை செய்யும் அதே பெருநிறுவனத்தின் தலைவன். இரண்டாம் பருவத்தில், அம்மறைவான அமைப்பை நிறுவிய பன்னிருவர் ஒருங்கே நிற்கும் நிழற்படம் ஒன்று காட்டப்படுகின்றது. பீட்டரின் பெற்றோர் அப்பன்னிருவரைச் சார்ந்தோர். கைதோவும் அவர்களுள் ஒருவன். எழுத்தைப் படிக்க இயலாத காவலன் மாட் பார்க்மனின் தந்தையும் அவர்களுள் ஒருவனே. மகனுக்குள்ள ஆற்றலே அவனுக்கும் உண்டு. மூன்றாம் பருவத்தில் சைலரையும் இவ்வலை விடவில்லை. அவன் பெட்ரெல்லி குடும்பத்தவன் என்று முதலில் ஒரு பொய் கூறப்படுகின்றது. பின்னர் அவனைப் பெற்ற தந்தை என ஒருவன் காட்டப்படுகின்றான். அவனும் பிறரைக் கொன்று ஆற்றல் கவர்ந்தவன்!

இங்ஙனம் கதையின் முதன்மை மாந்தருட் பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த சிலருடைய மக்களும் பேரமக்களும் ஆயினர். யார்க்கும் வரலாம் என்ற ஆற்றல், வரவேண்டியவர்க்கே வந்தது என்றாயிற்று. தாய்முன் நின்று கேட்கப்பட்ட வினாவும் பொருளிழந்தது. போதாதா என்று கேட்டவனுக்குக் கதையே பின்னர், ‘நீ கடிகாரக்காரன் மகனே அல்லை’ என்று விடை சொல்லிற்று.

மரபியலைக் கொள்கையாகக் கொண்ட கதையில் பெற்றோர் ஆற்றல் மக்கட்கு வருதல் இயல்பன்றோ என்பது ஒரு தடை. பெற்றோரிடமிருந்து வருதல் இயல்பே. டோக்கியோ அலுவலகப் பணியாளனும் கலிபோர்னியக் காவலனும் நியூயார்க் செவிலியனும் ஒரே நிழற்படத்தில் நின்றோரின் மக்களாதல் இயல்பன்று. அது மரபியலாகாது, அரசகுல வரலாறாகும். மேலும் மூன்றாம் பருவத்தில் ஊசிமருந்தினால் ஆற்றலைப் புகுத்தும் முறை கதைக்குள் வருகின்றது. நேதனின் பறக்கும் ஆற்றலும் குழவிப் பருவத்தில் அங்ஙனம் புகுத்தப்பட்டதென அறிகின்றோம். ஆக, பிறப்பு வழங்காததைப் பெற்றோரின் செல்வாக்கு வழங்கிற்று. மொகிந்தரும் தனக்கே அம்மருந்தை ஏற்றிக்கொண்டு உடல் திரிகின்றான். ஆற்றலின்றியே ஹிரோவுடன் நடந்த ஆண்டோவுக்கும் அது கிடைக்கின்றது. ஆண்டோவின் தோழமை மதிப்புற்றதே அவனிடம் ஒன்றும் இல்லாமையால். யாவரும் ஆற்றலுடையராயினபின் எஞ்சியது புதுமை ஒன்றே, அதுவும் தேய்ந்தது.

தொடரின் வீழ்ச்சிக்கு 2007-08-ஆம் ஆண்டு எழுத்தாளர் வேலைநிறுத்தத்தைக் காரணமாகக் கூறுதல் வழக்கம். அவ்வேலைநிறுத்தத்தால் இரண்டாம் பருவம் 11 பகுதிகளோடு நின்றது உண்மை. ஆனால் குலவழியின் வித்து அதற்கு முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பருவத்திலும் புதிய மாந்தரைக் கொணரவே தாம் முதலில் எண்ணியதாகப் படைப்பாளர் கூறியுள்ளார். அவ்வெண்ணம் நிறைவேறியிருப்பின் வாக்குறுதி காக்கப்பட்டிருக்கும் என்பது எம் துணிபு. மக்கள் விரும்பிய நடிகரை விடாது வைத்துக்கொள்ள நேர்ந்தமையால், அதே மாந்தர்க்கு மேலும் மேலும் மறைபொருள் தேட வேண்டியதாயிற்று. மறைபொருள் தேடுவோர்க்கு எளிதிற் கிட்டுவது பிறப்பின் மறைபொருளே. நம் நாட்டுத் திரைக்கதைகளும் இதற்கு விலக்கல்ல.

நான்காம் பருவம் பெரும்பாலும் சோர்வுடையது. அதன் இறுதிப் பகுதியில் ஒரு காட்சி மட்டும் முதற்பருவத்தின் நினைவை மீட்கின்றது. டெக்சாசு மாநிலத்து மிட்லண்டில் உணவு விடுதிப் பணிப்பெண்ணாக இருந்தவள் சார்லி. ஒருமுறை கண்டதை மறவாத நினைவாற்றல் உடையவள். அவளைச் சைலரிடமிருந்து காக்க ஹிரோ முதற்பருவத்தில் காலத்தின் பின்னே சென்றும் இயலாது திரும்பினான். நான்காம் பருவத்தில் அவளைக் காத்துவிடுகின்றான். உடனே அவள் அவனிடமிருந்து பறிக்கப்பட்டு 1944-ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகின்றாள். இறுதியில் மருத்துவமனைப் படுக்கையில் ஒரு மூதாட்டியாக அவளைக் காண்கின்றான். காலத்தில் மீண்டும் பின்னே சென்று, நேர்ந்ததை நேராமற் செய்து, இழந்த இளமையைத் தருவதாகக் கூறுகின்றான். அவள் வேண்டா என்கின்றாள். அவளுக்குக் கணவன் வாய்த்தான், மக்கள் பிறந்தனர், அவர்க்கும் மக்கள் உளர். அந்த வாழ்வைக் கலைக்கும் ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு, ஹிரோ அவள் படுக்கையருகே ஒன்றும் செய்யாது அமர்ந்திருக்கின்றான்.