இரும்புப் பணியாரக்கல்

பணியாரக்கல் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது நான்ஸ்டிக்தான். கனம் இல்லை, விலையும் குறைவு, முதல் நாளே ஒட்டாமல் புரளும். எனக்கும் அதில்தான் ஆரம்பம். இரண்டே வருஷத்தில் குழிகளின் அடியில் பூச்சு உரிந்து, அலுமினியம் பளிச்சென்று பல்லிளித்தது. எடைக்குப் போட்டேன்.

வார்ப்பிரும்புக் கல்லை முதலில் பழக்க வேண்டும். அரிசி கழுநீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைக்க வேண்டும். அப்படியும் முதல் ஈடு பிய்ந்துதான் வரும் (விருந்தாளி இருக்கும் நாளில் தொடங்காதீர்கள்). ஆனால் அந்தக் கனத்தில்தான் ருசி. கல் பிடித்த சூடு, 7 குழியிலும் மாவு விழுந்த பிறகும் சட்டென்று இறங்காது. ஓரம் பொன்னிறமாக முறுகியதும் கம்பியால் லேசாக நெம்பினால் போதும், உருண்டை தானே புரண்டு உட்காரும். உள்ளே பஞ்சு, மேலே மொறுமொறு. வெல்லப் பணியாரம் என்றால் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் கருகிவிடும்.

நான்ஸ்டிக்கை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்து, சூடு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சே சிதையத் தொடங்கும். இரும்புக்குத் துரு ஒன்றுதான் பயம். கழுவியதும் ஈரம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வையுங்கள்.